மரகதம் வீட்டுப் பாஷை

கோட்டையூரில் எங்கள் தெருவுக்கு வந்து மக்ரீத்தா க்ளூட்டி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மரகதம் வீடு என்று கேட்டால், குழாயடியில் நிற்பவர்கள்கூடக் குடத்தை வைத்துவிட்டு வந்து கை காட்டுவார்கள். இரண்டு பேரும் ஒருத்திதான். முதல் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. இரண்டாவது பெயர் பத்து வருஷத்துக்கு முன்னால் திருச்சி விமான நிலைய வாசலில் அவளுக்குக் கிடைத்தது.

கொடுத்தவள் நாகவல்லி, மாப்பிள்ளையின் அக்கா. தம்பி சிவராஜ் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து கூட்டிக்கொண்டு வருகிறான் என்றதும், வெள்ளைவெளேர் என்று பூனைக்கண்ணோடு ஒருத்தியை எதிர்பார்த்து மாலையும் கையுமாக நின்றாள். சிவராஜ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்தில், மாநிறத்தில், சுருட்டை முடியை இழுத்துக் கட்டிய ஒருத்தி வந்தாள். நாகவல்லி அவளைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு எங்கடா?"

"இந்தா நிக்கிறாளேக்கா."

"இவளா? நம்ம கல்லல் பக்கத்துப் பொண்ணு மாதிரில்ல இருக்கா."

மக்ரீத்தாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மாலையைப் பார்த்துவிட்டுத் தானாகவே தலையைக் குனிந்து கொடுத்தாள். அது நாகவல்லிக்குப் பிடித்துப்போனது. பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், நாக்கு மடங்கவில்லை. காரில் ஏறுவதற்குள் மக்ரீத்தா மரகதமாகிவிட்டாள்.

சிவராஜ் தச்சு வேலைக்காரன். கோயில் கதவும் சாமி வாகனமும் செய்கிற குடும்பம். கேப் டவுனுக்குப் பக்கத்தில், பல தலைமுறையாக அங்கே வாழும் தமிழர்கள் கட்டிய முருகன் கோயிலுக்குக் கதவு செய்ய இரண்டு வருஷ வேலை என்று போனான். கதவுக்குப் பித்தளைத் திருகாணி வாங்க ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனபோது கவுண்டரில் நின்றவள் மக்ரீத்தா. அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஓர் அட்டையில் திருகாணியைப் படம் போட்டான்; தலை எப்படி, மரை எவ்வளவு நெருக்கம் என்பதுவரை அளவு பிசகாமல் போட்டான். அவள் படத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள், ஒரு திருகாணியைக் கொண்டுவந்து படத்தின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. அதன் பிறகு அவன் பெட்டியாக வாங்க வேண்டிய திருகாணியை நாலு நாலாக வாங்க ஆரம்பித்தான்.

மக்ரீத்தாவுக்கும் ஆங்கிலம் கடைப் பேச்சு அளவுக்குத்தான். அவள் பிறந்தது அந்த நாட்டின் வடமேற்கில், செம்புச் சுரங்கத்தை நம்பி எழும்பிய ஒரு வறண்ட சிற்றூர். தாய்மொழி ஆப்பிரிக்கான்ஸ். முந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் கப்பலில் போய் இறங்கிய டச்சுக்காரர்கள், அவர்கள் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போன கிழக்குத் தீவுக்காரர்கள், நம் கடற்கரையிலிருந்து போனவர்கள், அந்த மண்ணிலேயே இருந்தவர்கள் எல்லாரும் அடுப்படியிலும் பண்ணையிலும் பேசிப் பேசி உண்டாக்கிய பாஷை அது. வெளியே அதை வெள்ளைக்காரர் பாஷை என்பார்கள். வீட்டில் அதைப் பேசுகிறவர்களில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர் அல்லாதவர்கள்.

"இங்கிலீஷ்ல பேசுறப்ப அவ கடைக்காரிண்ணே" என்று சிவராஜ் ஒருமுறை என்னிடம் சொன்னான். "அவுக அம்மாவுக்குப் போனைப் போட்டு அந்தப் பாஷையில பேசுறப்ப வேற ஆளு. அந்த ஆளைத்தான் எனக்குப் புடிச்சிச்சு." அந்த வேறு ஆளோடு பழகுவதற்காகவே அவன் அந்தப் பாஷையில் ஒரு நூறு வார்த்தை பொறுக்கிக்கொண்டான்.

கோட்டையூருக்கு வந்த முதல் வாரம் மரகதத்துக்கு வயிறு பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆப்பிரிக்கான்ஸில் வேண்டாம் என்பதற்கு 'நீஅ' என்று சொல்ல வேண்டும். நாகவல்லி ஐந்தாவது இட்லியை வைக்க வரும்போதெல்லாம் இவள் பதறிப்போய் 'நீஅ, நீஅ' என்பாள். தன்னைத்தான் சாப்பிடச் சொல்கிறாள் என்று நினைத்து நாகவல்லி உருகிப்போவாள். "நான் அப்புறமா சாப்புடுறேன், நீ மொதல்ல சாப்புடு ஆத்தா" என்று ஆறாவதையும் வைப்பாள். சிவராஜ் வந்து விளக்குகிற வரைக்கும் நாலு நாள் இப்படியே போயிற்று.

தமிழ் அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் கேட்டுப் புரிந்துகொண்டாள், இரண்டாவது வருஷத்தில் எதிர்த்துப் பேசினாள். எப்படி என்று நானே கேட்டிருக்கிறேன். "எங்க ஊர்லயும் பெரியவுகளை நீன்னு சொல்ல மாட்டோம்ணே" என்றாள். அங்கே வயதில் மூத்த ஆண் யாராக இருந்தாலும் ஓம், பெண் என்றால் தான்னி. நாம் மாமா, அத்தை என்பதைப் போல. முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். "இங்கிலீஷ்லதான் எல்லாருக்கும் ஒரே யூ. எனக்கு அது கூச்சமா இருக்கும். இங்க வந்ததும் சரியாப் போச்சு." மரியாதை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டிக்கொண்டது. பால்காரரிலிருந்து பூனைவரை எல்லாரையும் 'வாரீக, போறீக' என்றுதான் சொல்வாள். "எங்குட்டுப் போனீக இவ்வளவு நேரம்?" என்று வாசலில் குரல் கேட்டு, சிவராஜ் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போனால், அவள் பூனைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

ஊருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. வெளிநாட்டுப் பெண் என்றால் ஆங்கிலம் தாய்மொழியாகத்தானே இருக்க வேண்டும்? பக்கத்து நர்சரிப் பள்ளித் தாளாளர் வீடு தேடி வந்தார், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும் என்று.

"எனக்கும் அது படிச்ச பாஷைதான் சார். ஒங்களை மாதிரி."

"பின்னே ஒங்க சொந்தப் பாஷை எதும்மா?"

"ஆப்பிரிக்கான்ஸ்."

"அதை வச்சு இங்க என்னம்மா பண்றது?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். மரகதம் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் காரைக்குடியில் நாச்சியப்பனின் ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒன்றரை இஞ்சுத் திருகாணியைக் கையில் தடவியே சொல்லிவிடுகிற ஆள்தான் தேவைப்பட்டது.

ஸ்வேதா பிறந்ததும் அந்தச் சொந்தப் பாஷைக்கு வீட்டில் ஒரு வேலை வந்தது. மரகதம் யோசித்து முடிவெடுக்கவில்லை. குழந்தையை மடியில் வாங்கியதும் வாயில் அதுதான் வந்தது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் ஆப்பிரிக்கான்ஸ் மழையாகக் கொட்டும். சிவராஜும் நாகவல்லியும் தெருவும் தமிழ். குழந்தை இரண்டுக்கும் திரும்பிச் சிரித்தது.

ஆனால் பேசவில்லை. இரண்டரை வயதில் அப்பா, அத்தை, காக்கா, இந்தா என்று சில வார்த்தைகள்தான். எதிர்வீட்டுப் பிள்ளை அதே வயதில் தெருவையே விலை பேசிக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் குழந்தையை நிமிர்ந்து பார்த்தார், பெற்றோரைப் பார்த்தார், கேள்வி கேட்டார், உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ரெண்டு பாஷை பேசிக் கொழப்புறீங்க. அந்த வெளிநாட்டுப் பாஷையை இன்னையோட விட்டுருங்க. அதால என்ன பிரயோஜனம்? தமிழ் பேசுங்க, இல்லாட்டி இங்கிலீஷ் பேசுங்க."

மறுநாள் காலையிலிருந்து மரகதம் மகளிடம் ஒரு வார்த்தை ஆப்பிரிக்கான்ஸ் பேசவில்லை. கொடுத்த மருந்தை வேளை தவறாமல் விழுங்குகிற நோயாளி மாதிரி இருந்தாள்.

வீடு சத்தம் குறைந்துபோனது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. அவளுடைய தமிழ் நல்ல தமிழ்தான். ஆனால் அதெல்லாம் அடுப்படியிலும் கடைக் கவுண்டரிலும் படித்தது. அதில் 'சாப்பிடு' இருந்தது, 'தொடாதே' இருந்தது, 'இந்த அளவு போதுமா' இருந்தது. ஒன்றுமில்லாததைப் பேச அதில் வார்த்தை இல்லை. காலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளையிடம் அர்த்தமில்லாமல் உளறிக் கொஞ்ச வேண்டுமே, அந்த உளறல் அவளுக்குத் தமிழில் வரவில்லை. மூக்கைப் பிடித்து ஆட்டும்போது அவளுடைய அம்மா சொன்ன சொல்தான் நாக்கு நுனிவரை வரும். அதை மென்று விழுங்கிவிட்டு, "வாங்க, குளிக்கலாம்" என்பாள்.

"பிள்ளைகிட்டக் கஸ்டமர்கிட்டப் பேசுற மாதிரி பேசுதுண்ணே" என்று சிவராஜ் என்னிடம் சொன்னான்.

ஸ்வேதாவுக்கும் ஏதோ பிடிபடவில்லை. பூனையைக் காட்டிவிட்டு அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா "பூனை" என்பாள். பிள்ளை இன்னும் காத்திருக்கும். பழைய சத்தம் வருமென்று அவள் தாடையைப் பிடித்து இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரகதம் தன் அம்மாவோடு பேச மொட்டைமாடிக்குப் போய்விடுவாள், பிள்ளை காதில் விழக் கூடாதென்று. ஒரு ஞாயிறு பேசி முடித்து இறங்க வந்தால், மாடிப்படியின் மேல்கல்லில் ஸ்வேதா தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தது. எத்தனை ஞாயிறாக அப்படி உட்கார்ந்ததோ தெரியாது. மரகதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்படி ஐந்து மாதம் ஓடியது. வார்த்தை கூடவில்லை. முன்பு கலகலவென்று கத்திக்கொண்டாவது இருந்த பிள்ளை அதையும் குறைத்துக்கொண்டது.

ஒரு நாள் சாயங்காலம் சிவராஜ் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, கூடத்தில் மகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஜன்னலோரம் பூனை படுத்திருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னிடமிருந்த நூறு வார்த்தை ஆப்பிரிக்கான்ஸில் பேச ஆரம்பித்தான். வா மகளே. அங்கே பார். பூனை தூங்குகிறது.

அப்படித்தான் சொல்ல நினைத்தான். தூங்குவதற்கு அந்தப் பாஷையில் 'ஸ்லாப்'. அவன் வாயில் வந்தது 'ஸ்லாஹ்'. அதற்கு ஆடு மாடு வெட்டுவது என்று அர்த்தம். பூனை வெட்டுகிறது என்று மகளுக்கு நிதானமாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னான். பிள்ளை கண்ணை விரித்துக் கேட்டது. உற்சாகமாகி, அப்பாவும் வெட்டப் போகிறேன், அம்மாவும் வெட்டுவாள், எல்லாரும் சேர்ந்து வெட்டுவோம் என்று தொடர்ந்தான்.

அடுப்படியில் மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வெட்டுக்கு மேல் அவளால் முடியவில்லை. கரண்டியோடு வந்து, "ஸ்லாப், ஸ்லாப்" என்று திருத்தினாள். திருத்தியவள் நிறுத்தவில்லை. அந்த வாக்கியம் எப்படி வர வேண்டும், எதை முன்னால் போட வேண்டும் என்று ஐந்து மாதமாக அடக்கிவைத்த பாஷை மடை திறந்த மாதிரி வந்தது. ஸ்வேதா எழுந்து ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தது. மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"டாக்டர் பேசாதேன்னாரே" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒன்னையத்தானே சொன்னாரு. என்னைய ஒண்ணும் சொல்லலையே."

அந்த வாரமே, பெரிய இடத்தில் காட்டுங்கள் என்று நாகவல்லி பிடிவாதம் பிடித்தாள். மதுரையில் சத்தியப்பிரியா என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனார்கள். இளம்பெண். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஸ்வேதாவோடு விளையாடிக்கொண்டே இருந்தாள். குழந்தைக்குப் பின்னால் இரண்டு ஸ்பூனைத் தட்டினாள், மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கேட்டாள்.

"காதை யாராவது பாத்தாங்களா?"

"இல்லைங்களே" என்றான் சிவராஜ்.

"சளி அடிக்கடி பிடிக்குமா?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை."

காது டாக்டரிடம் அனுப்பினாள். சளி கட்டிக் கட்டி, இரண்டு காதிலும் சவ்வுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்பது போலத்தான் பிள்ளைக்கு இத்தனை நாளும் கேட்டிருக்கிறது. வைத்தியம் ஆரம்பித்தார்கள்.

சத்தியப்பிரியா மரகதத்தைத் தனியாக உட்காரவைத்தாள். "நிறுத்துறதுக்கு முன்னால பாப்பா உங்க பாஷையில என்னென்ன சொன்னாள்? அரைகுறையா சொன்னாலும் பரவாயில்லை. எழுதிக் குடுங்க."

மரகதம் எழுதினாள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. முப்பத்தொரு வார்த்தை. அவற்றைத் தெருவில் யாரும் வார்த்தை என்றே நினைத்ததில்லை. குழந்தை ஏதோ கத்துகிறது என்று இருந்துவிட்டார்கள்.

"டாக்டர் தமிழை மட்டும்தானே கேட்டிருக்கார்" என்றாள் சத்தியப்பிரியா. "ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். ரெண்டு பாஷைனால பிள்ளை ஊமையாகாது. உங்களுக்கு எந்தப் பாஷையில திட்ட வருது?"

"அதுலதான்."

"கொஞ்ச?"

"அதுலதான்."

"அப்ப அதுல பேசுங்க. நிறைய பேசுங்க. அப்பா தமிழ்ல பேசட்டும்." சற்று யோசித்து, சிவராஜைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். "நீங்க தமிழ் மட்டும் பேசினாப் போதும் சார்." பூனைக் கதையை மரகதம் ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தாள்.

காதில் நீர் வற்ற மூன்று மாதமாயிற்று. பிறகு ஸ்வேதா பேச ஆரம்பித்தது. ஆரம்பித்தபின் இன்றுவரை நிறுத்தவில்லை. முதலில் இரண்டு பாஷையும் ஒரே சட்டியில் கிண்டின மாதிரி வந்தது. ஆப்பிரிக்கான்ஸில் இல்லை என்பதை வாக்கியத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அதனால், "இல்ல தூங்க மாட்டேன் இல்ல" என்று இரட்டைப் பூட்டுப் போட்டுத்தான் எதையும் மறுக்கும்.

பெரிய கூத்து அடுப்படியில் நடந்தது. நாகவல்லி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை தட்டோடு வந்து நின்றது.

"அத்தை, தோசைக்கி."

"தோசைக்கிச் சட்னி இந்தா வைக்கிறேன்."

"சட்னி இல்ல. தோசைக்கி."

"சாம்பாரா? தோசைக்கிப் பொடி வேணுமா? எதுன்னு சொல்லுடி."

பிள்ளை தட்டை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தது. கடையிலிருந்து திரும்பி வந்த மரகதம் வாசலில் நின்றபடியே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அந்தப் பாஷையில் எந்தப் பொருளின் பெயரோடும் 'கி' என்று வாலை ஒட்டிவிட்டால் அது சின்னதாகிவிடும், செல்லமாகிவிடும். பூனைக்குட்டியும் அப்படித்தான், கைக்கடங்குகிற கோப்பையும் அப்படித்தான். ஸ்வேதா அந்த வாலைத் தமிழில் ஒட்டியிருக்கிறது.

"குட்டித் தோசை கேக்குறாக மதினி."

நாகவல்லி உள்ளங்கை அளவில் ஒரு தோசை ஊற்றினாள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தின்றது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் இந்த வால் பரவிவிட்டது. கைப்பிள்ளையைக் கொஞ்சுகிறவர்கள் மூக்குக்கி, விரல்கி என்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று பாதிப்பேருக்குத் தெரியாது.

இப்போது ஸ்வேதாவுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பாஷைகள் தாமாகவே பிரிந்துகொண்டன. அம்மாவைக் கண்டால் ஒன்று, மற்றவர்களைக் கண்டால் ஒன்று, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் சேர்ந்துகொண்டது. மரகதம் இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் பேச மாடிக்குப் போவதில்லை. கூடத்திலேயே வீடியோவில் பேசுகிறார்கள். அந்தச் சுரங்க ஊரில் இருக்கிற அவள் அம்மாவுக்கு ஆப்பிரிக்கான்ஸ் தவிர வேறொன்றும் சரளமாக வராது. பேத்தி வாயிலிருந்து அது வருவதைக் கேட்டு, முதல் தடவை அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாளாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். மரகதம் அடுப்படியில் இருந்தாள். நாகவல்லி போனை வாங்கி எதிரே வைத்துக்கொண்டு, ஸ்வேதாவை மொழிபெயர்க்க உட்காரவைத்தாள்.

"ஒங்க பேத்தி வெயில்ல அலையுறா, வீட்டுப்பாடம் எழுதுறதில்ல, நீங்க நாலு வார்த்தை கண்டிச்சுச் சொல்லணும்னு சொல்லு."

ஸ்வேதா கொஞ்சமும் தயங்காமல் அந்தப் பாஷையில் என்னவோ சொன்னது. போனுக்குள்ளிருந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. நீளமாகப் பதில் சொன்னாள்.

"என்ன சொல்றாக?"

"எனக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுக்கச் சொல்றாங்க அத்தை."

நாகவல்லி கையைக் கட்டிக்கொண்டாள். "அவுக ரூமெய்ஸ்னு சொல்லவே இல்லையே."

ஸ்வேதாவின் வாய் திறந்தபடி நின்றது. ஐஸ்க்ரீமுக்கு அதுதான் வார்த்தை. ஏழு வருஷமாகத் தாயும் மகளும் பேசுவதை இட்லி அவித்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் கேட்டவள் நாகவல்லி. அவள் முன்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று அவர்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாகவல்லி போனுக்கு அருகே குனிந்து, "தான்னி" என்று முறை வைத்துக் கூப்பிட்டாள். "ஸ்வேதா ஸ்டவுட்."

குறும்புக்காரி என்று அர்த்தம். அந்த அம்மாள் தலையை ஆட்டி, "யா, யா" என்று சொல்லி, விரலை நீட்டிப் பேத்தியைப் பிடிபிடியென்று பிடித்தாள். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அடுப்படியில் மரகதம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐஸ்க்ரீம் அன்றைக்கு இல்லை என்று ஆயிற்று.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பிய மரகதத்தை நாகவல்லி வாசலில் மறித்தாள். கையில் ஸ்வேதாவின் பழைய நோட்டும் ஒரு பேனாவும் இருந்தன.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மதினி."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. 'வெயில்ல போகாதே'ன்னா ஒங்க அம்மா பாஷையில எப்புடிச் சொல்றது?"

மரகதம் பையைக் கீழே வைத்தாள். இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நாகவல்லி அதைத் தமிழ் எழுத்தில், எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள்.